சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது!

தமிழில் எனக்கு அறவே பிடிக்காத வாக்கியம் ஒன்று உண்டு. "சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுதுங்க."

நீங்களும் கேட்டிருப்பீர்கள். ரேஷன் கடையில், பேங்கில், ஸ்காலர்ஷிப் வரவில்லை என்று போய் நின்ற ஏதோ ஒரு ஆபீஸில். "உங்க பேரு சிஸ்டத்துல இல்லியே தம்பி." அவ்வளவுதான், ஆட்டம் க்ளோஸ். அதற்கு மேல் நாமும் கேட்க மாட்டோம், கவுன்டருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவரும் கேட்க மாட்டார். சாமி வந்து அருள்வாக்கு சொன்ன மாதிரி ரெண்டு பேரும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவோம்.

இன்றைய புலம்பல் அந்த வாக்கியத்துக்கு எதிரானது. கையில் எடுத்திருக்கும் ஆயுதம், ஜிடிபி.

பொறுங்க பொறுங்க. பி.காம். படிக்கிற பையன் ஜிடிபி என்றதும் மொத்த உள்நாட்டு உற்பத்தி, விழுக்காடு, வளர்ச்சி விகிதம் என்று ஓடிவிடாதீர்கள். அந்த ஜிடிபி-யில் கடைசியில் வருவது பென்சில் 'பி'. இதில் வருவது பேட், பால் 'பி'. தமிழில் எழுதினால் ரெண்டும் ஒன்றுதான். நம்ம மொழிக்கு இருக்கிற குசும்பு அப்படி :-)

இந்த ஜிடிபி என்பது குனூ டீபக்கர். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-ல் எழுத ஆரம்பித்த கட்டற்ற மென்பொருள். கறுப்புத் திரையில் கட்டளையை டைப் அடித்து வேலை வாங்க வேண்டும். மவுஸுக்கு வேலையே கிடையாது. டீபக்கரைத் தமிழில் 'பிழைதிருத்தி' என்கிறோம். என்னைக் கேட்டால் அது தப்பான பெயர். அது ஒரு பிழையையும் திருத்தாது. ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராமை நடுவழியில் நிறுத்தி, "இப்ப உன் மெமரியில என்ன இருக்கு, காட்டு" என்று கேட்கும். திருத்துவது நம் வேலை.

நம்ம பாஷையில் சொன்னால் அது தணிக்கையாளர். லாப நட்டக் கணக்கைப் பார்த்து "ஆஹா, அருமை" என்று கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை. பேரேட்டைத் திற, குறிப்பேட்டைத் திற, சான்றுச் சீட்டை எடு என்று உயிரை எடுக்கிற ஆள்.

"அதெல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க சமாச்சாரம்டா, நமக்கு எதுக்கு?" என்று க்ளாஸில் கேட்கிறார்கள். நமக்குத்தான் முதலில் வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தக் கறுப்புத் திரையில் என்ன தெரியும் என்று நம்ம ஊர்க் கணக்கை வைத்தே காட்டிவிடுகிறேன்.

*

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் அடித்து வந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் படிந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் என்று படகும் வலையும் தார் பூசின மாதிரி கிடந்தன. தமிழக அரசு நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய். மொத்தம் 8 கோடியே 68 லட்சம் என்றார்கள். கணக்குப் பையன் சும்மா இருப்பானா, கூட்டிப் பார்த்தேன். 8,68,82,500. சரியாக வருகிறது.

கூட்டுத்தொகை சரி. ஆனால் நம் பாடத்திலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்களே, இருப்பாய்வு டேலி ஆனால் மட்டும் கணக்கு சரி என்று அர்த்தமில்லை என்று. ஒரு நடவடிக்கையை முழுசாக எழுதாமல் விட்டால், அந்த விடு பிழை இருப்பாய்வில் தெரியாது. ஒரு பக்கம் குறைந்தது இன்னொரு பக்கம் கூடினால், அந்த ஈடுசெய் பிழையும் தெரியாது. ஒரு பட்டியலில் ஒரு குடும்பம் விட்டுப்போனால் மொத்தத் தொகை கூவி அழைத்துச் சொல்லாது. உள்ளே போய் ஒவ்வொரு பதிவாகப் பார்த்தால்தான் உண்டு.

இந்த மாதிரி ஒரு பட்டியலை சி மொழியில் ஒரு குட்டி ப்ரோகிராமாக எழுதிப் பார்த்தேன். பெயரும் கணக்கு எண்ணும் என் கற்பனை. நிஜப் பட்டியலில் தப்பு நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. உதாரணத்துக்கு வடிவத்தை மட்டும் கடன் வாங்கியிருக்கிறேன்.

2,301 தொகைகள் ஒரு அரேயில். நடுவில் ஒரே ஒரு குடும்பத்துக்கு வேண்டுமென்றே 0 போட்டு வைத்தேன். ப்ரோகிராம் திரையில் காட்டுவது மொத்தம் மட்டும், 2,87,50,000. வரவேண்டியது 2,87,62,500. ரிப்போர்ட்டில் கோடிக்கு ஒரு தசமம் போட்டு எழுதினால் ரெண்டுமே 2.9 கோடிதான். எவன் கண்ணுக்குத் தெரியும்?

ஜிடிபி-யில் ப்ரோகிராமை நிறுத்தி, 'பிரிண்ட் தொகை' என்று கேட்டேன். வந்த பதில் இது:

{12500 <ரிபீட்ஸ் 1140 டைம்ஸ்>, 0, 12500 <ரிபீட்ஸ் 1160 டைம்ஸ்>}

ஒரே வரி மக்களே. ஒரே மாதிரி மதிப்பு 10 தடவைக்கு மேல் அடுத்தடுத்து வந்தால் ஜிடிபி அதைச் சுருக்கிக் காட்டும். சுருக்கியதால் அந்த ஒற்றை 0 நடுவீதியில் நிற்கிற மாதிரி நிற்கிறது. 1141-ஆவது குடும்பம். ஒரு வீட்டில் அடுப்பு எரியாததைக் கோடிக்கணக்கு காட்டவில்லை. இந்த ஒரு வரி காட்டியது.

அடுத்து, வங்கிக் கணக்கு எண்கள் இருக்கும் அரேயைக் கேட்டேன். அது ஒவ்வொன்றும் வேறு வேறு என்பதால் சுருங்காது. 200 எண்ணைக் காட்டிவிட்டு, கடைசியில் மூன்று புள்ளி வைத்து நிறுத்திவிட்டது. பயப்பட வேண்டாம், மிச்சம் 2,101 பேர் தொலைந்து போகவில்லை. 200-க்கு மேல் காட்டாதே என்பது ஜிடிபி-யில் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கும் அளவு. 'செட் பிரிண்ட் எலிமென்ட்ஸ் 0' என்று அடித்தால் எல்லாரும் வரிசையில் வந்து நிற்பார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். "காட்டலை" என்பது வேறு, "இல்லை" என்பது வேறு. என் மொத்த ஆத்திரமும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது. ஜிடிபி-யாவது மூன்று புள்ளி வைத்து "இன்னும் இருக்கு" என்று சொல்லிவிட்டு நிறுத்துகிறது. கவுன்டரில் அந்த மூன்று புள்ளிகூடக் கிடையாது.

*

சரி, தொகை ஒரு எளிய வரிசை. நிஜக் கணக்கு அப்படி இருக்காது. ஒரு குடும்பம், அதற்கு ஒரு பெயர், குப்பம், கணக்கு எண், படகு இருந்தால் படகின் விவரம், அப்புறம் அடுத்த குடும்பம் எங்கே என்கிற குறிப்பு. இதைத்தான் சிக்கலான டேட்டா ஸ்ட்ரக்ச்சர் என்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள்.

பயப்படவே வேண்டாம். காமர்ஸ்காரனுக்கு இது பழகின சமாச்சாரம். குறிப்பேட்டில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'பே.ப.எண்' என்று ஒரு குட்டிப் பத்தி இருக்குமே, பேரேட்டுப் பக்க எண்? அதுதான் பாயின்டர். விவரம் இங்கே இல்லை, அந்தப் பக்கத்தில் இருக்கிறது, போய்ப் பார் என்கிற சீட்டு. ஜிடிபி-யில் ஒரு குடும்பத்தைப் பிரிண்ட் அடித்தால் 'படகு' என்கிற இடத்தில் நீளமாக ஒரு மெமரி முகவரி மட்டும் வரும். முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டுக் கேட்டால் அந்தப் பக்கத்தையே திறந்து காட்டும். முகவரி 0 என்றிருந்தால் படகு கிடையாது.

குடும்பத்திலிருந்து அடுத்த குடும்பத்துக்குப் போக ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஜிடிபி-யில் டாலர் குறி என்றால் 'கடைசியாகப் பார்த்த மதிப்பு'. 'பிரிண்ட் *$.நெக்ஸ்ட்' என்று ஒரு தடவை அடித்துவிட்டு, அப்புறம் வெறுமனே என்டரைத் தட்டிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு தட்டுக்கும் அடுத்த குடும்பம் வரும். பேரேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிற மாதிரிதான். எந்த இடத்தில் சங்கிலி அறுந்திருக்கிறதோ அங்கே கை நிற்கும். அறுந்த இடத்துக்கு அப்புறம் இருப்பவர்கள் எல்லாரும் மெமரியில் பத்திரமாக இருக்கிறார்கள், ஆனால் பட்டியலில் 'இல்லை'.

இந்தக் கருவியிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. கம்பைலரை வேகத்துக்காக முடுக்கிவிட்டால் சில மாறிகள் மெமரியில் தங்காது. அதைக் கேட்டால் ஜிடிபி ஏதோ ஒரு எண்ணை அடித்துவிடாது. <ஆப்டிமைஸ்டு அவுட்> என்று எழுதும். அதாவது, "என்னால இதைப் பார்க்க முடியலை". 1986-ல் பிறந்த ஒரு மென்பொருளுக்கு இருக்கிற நேர்மை...  சரி விடுங்க, மேலே சொன்னால் வம்பு.

*

இப்போது தமிழுக்கு வருவோம். பெயர் என்றால் தமிழ்தானே, அங்கேதான் பெரிய கூத்து.

யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு யுடிஎஃப்-8 முறையில் 3 பைட். 'எண்ணூர்' என்று எழுதினால் நம் கண்ணுக்கு 4 எழுத்து. எ, ண், ணூ, ர். கம்ப்யூட்டருக்கு அது 7 குறி, 21 பைட். ஜிடிபி-யில் மொழி அமைப்பு சரியாக இல்லையென்றால் தமிழ் தமிழாக வராது. \340\256\216 என்று எட்டடிமான எண்ணாகக் கொட்டும். அந்த மூன்று எண் சேர்ந்தால் ஒரு 'எ'. இதைப் பார்த்துவிட்டு "சீ, இதெல்லாம் ஒரு டூலா" என்று ஓடியவர்களை எனக்குத் தெரியும்.

ஓடாதீர்கள். இந்த அசிங்கம்தான் நம்மைக் காப்பாற்றப் போகிறது.

நம்ம ஊருக்கு வடக்கே பொன்னேரி. இதை ரெண்டு விதமாக டைப் அடிக்கலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 'பொ' என்ற எழுத்தில் 'ப'-வோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது முன்னால் வரும் கொம்பைத் தனியாகவும் பின்னால் வரும் காலைத் தனியாகவும் சேர்க்கலாம். யூனிகோடு ரெண்டையும் சமம் என்றுதான் சொல்கிறது. திரையில் ரெண்டும் அச்சு அசல் ஒன்றுதான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

ஜிடிபி-யில் 'எக்ஸ்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. மெமரியைப் பைட் பைட்டாக, எந்த மேக்கப்பும் இல்லாமல் காட்டும். 'பொ'-வை மட்டும் அதில் பார்த்தால்:

முதல் வகை: 224 174 170 224 175 138
ரெண்டாம் வகை: 224 174 170 224 175 134 224 174 190

முதலாவது 6 பைட், ரெண்டாவது 9 பைட். முழுப் பெயராக எடுத்தால் ஒரு பொன்னேரி 24 பைட், இன்னொரு பொன்னேரி 27 பைட். ஒப்பிடுவதற்கு முன்னால் ரெண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு யூனிகோடில் முறையே இருக்கிறது. ப்ரோகிராம் எழுதினவர் அதைச் செய்யாமல் பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டால், கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ரெண்டும் வேறு வேறு ஊர்.

ஊர்ப் பெயருக்குப் பதில் ஆள் பெயரை வைத்துப் பாருங்கள். ஒகரம், ஓகாரம் வருகிற பெயர் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். அப்ளிகேஷனில் ஒரு கீபோர்டு, ஆபீஸில் ஒரு கீபோர்டு. திரையில் ரெண்டு பெயரும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி இருக்கும். தேடினால், "பேரு சிஸ்டத்துல இல்லியேம்மா". அந்த அம்மா ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் பரப்புவார். எல்லாவற்றிலும் அதே பெயர்தான் இருக்கும். அழகான திரை இந்த இடத்தில் பொய் சொல்கிறது. அசிங்கமான எண்வரிசைதான் உண்மையைச் சொல்கிறது.

*

அழகைப் பற்றி இன்னொரு விஷயம். 2009-ல் வந்த 7.0 பதிப்பிலிருந்து ஜிடிபி-க்குள் பைத்தான் எழுதலாம். அதில் 'பிரிட்டி பிரிண்டர்' என்று ஒன்று வந்தது. சி பிளஸ் பிளஸ்ஸில் ஒரு மேப்பைப் பிரிண்ட் அடித்தால் உள்ளே இருக்கும் மரம், கிளை, நிறம் என்று தேவையில்லாத எல்லாவற்றையும் கொட்டும். பிரிட்டி பிரிண்டர் அதை வழித்துப் போட்டுவிட்டு, நமக்கு வேண்டிய பெயரையும் மதிப்பையும் மட்டும் காட்டும். ரொம்ப வசதி. நானும் வைத்திருக்கிறேன்.

ஆனால் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதை அதை எழுதினவர் முடிவு செய்கிறார். ஜிடிபி-யில் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 'பிரிண்ட்' பக்கத்தில் ஒரு சாய்கோடு போட்டு 'ஆர்' சேர்த்தால் பிரிட்டி பிரிண்டர் விலகி நிற்கும், மூலத்தை அப்படியே காட்டும். அலங்காரத்தைக் கழற்றும் உரிமை பார்க்கிறவன் கையில்.

அந்த உரிமை இல்லாவிட்டால் என்ன ஆகும்? சத்யம் ஆகும். 2009 ஜனவரி 7-ஆம் தேதி ராமலிங்க ராஜு ஒப்புதல் கடிதம் எழுதினார் என்பதைக் கார்ப்பரேட் அக்கவுன்டிங்கில் படிக்கிறோம். கடிதத்தைப் படிக்கிறோமே தவிர, உள்ளே நடந்த வித்தையைப் படிப்பதில்லை. பில் போடும் சிஸ்டத்தில் சூப்பர் யூசராக உள்ளே போய் ஆயிரக்கணக்கான போலி பில்களைச் சேர்த்திருக்கிறார்கள். அந்த பில்களை மற்ற ஊழியர்களின் திரையில் தெரியாதபடி மறைத்தும் வைத்திருக்கிறார்கள். சிபிஐ கண்டுபிடித்தது இதை. கணக்கில் வருமானம் ஏறும், வேலை செய்கிறவன் திரையில் பில் இருக்காது. ஒரே டேட்டா, ஆளுக்கு ஒரு காட்சி. 2015 ஏப்ரலில் கோர்ட் தண்டனை கொடுத்தது. 'சிஸ்டத்துல காட்டலை' என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

அதையும் தாண்டி ஒன்று இருக்கிறது. அங்கே மறைத்தவன் திருடன். யாருமே திருடாமல், வெறும் பிழையால் மனிதர்கள் ஜெயிலுக்குப் போன கதை பிரிட்டனில் நடந்தது.

அங்கே தபால் ஆபீஸ்களுக்கு 1999-லிருந்து ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். ஃபுஜிட்சு நிறுவனத்துடையது. கிளைகளில் பணம் குறைவதாக அது காட்ட ஆரம்பித்தது. கிளையை நடத்தியவர்கள் "நான் எடுக்கலை" என்றார்கள். சிஸ்டம் அப்படித்தான் காட்டுகிறது என்றார்கள் இவர்கள். 2015 வரைக்கும் 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளி ஆனார்கள். அதில் ஒருவர் சீமா மிஸ்ரா, இந்தியாவிலிருந்து போய்க் குடியேறிய பெண். 74,000 பவுண்டு திருடியதாகச் சொல்லி 2010 நவம்பரில் 15 மாத ஜெயில். அப்போது அவர் கர்ப்பிணி. தீர்ப்பு ரத்தானது 2021 ஏப்ரலில். இடையில் போன பத்து வருஷத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? அனாமத்துக் கணக்கிலா?

அந்த மென்பொருளில் இருந்த பிழைகளில் ஒன்றைக் கேளுங்கள். 2015-ல் ஒரு கிளையில் 8,000 பவுண்டு வரவு வைக்க என்டர் தட்டுகிறார்கள். திரை உறைந்து நிற்கிறது. மறுபடி தட்டுகிறார்கள், மறுபடி தட்டுகிறார்கள். திரையில் எந்த மாற்றமும் இல்லை. உள்ளே மட்டும் நான்கு தடவை வரவு ஏறிவிட்டது, 32,000. கையில் இருப்பது 8,000. ஆக, 24,000 பவுண்டு 'குறைகிறது'. திரைக்கும் மெமரிக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் இதுதான். கிளை நடத்துகிறவருக்குத் திரை மட்டும்தான். உள்ளே பார்க்கும் வசதி ஃபுஜிட்சு கையில்.

சட்டமும் மெஷின் பக்கமே நின்றது. கம்ப்யூட்டர் சாட்சியம் என்றால் கம்ப்யூட்டர் ஒழுங்காக வேலை செய்தது என்று முதலில் நிரூபிக்க வேண்டும் என்ற பிரிவு ஒன்று இங்கிலாந்தில் இருந்தது. 1999-ல் வந்த சட்டம் அதைத் தூக்கிவிட்டது. அதற்கு அப்புறம், தப்பு என்று நிரூபிக்க வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவர் பாடு. பார்க்கவே விடாத ஒன்றில் எப்படித் தப்பு கண்டுபிடிப்பது?

*

இப்போது நம்ம ஆட்கள் கேட்கும் கேள்விகளுக்கு வருகிறேன்.

ஒண்ணு: "இது ப்ரோகிராமர் வேலை, நாம எதுக்கு?" நண்பா, 2023 ஏப்ரல் 1-லிருந்து நம் நாட்டில் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஆடிட் டிரெயில் இருந்தே ஆக வேண்டும். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடம். அதை அணைக்க முடியக் கூடாது. அது வருஷம் முழுக்க ஓடியதா என்று ஆடிட்டர் ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். ஆடிட்டர் யார்? நம்ம க்ளாஸில் சி.ஏ. எழுதிக்கொண்டிருக்கிற பாதிப் பேர். உள்ளே எட்டிப் பார்த்த அனுபவமே இல்லாமல், "ஓடியது" என்று எதை வைத்துக் கையெழுத்துப் போடுவீர்கள்? திரையில் பச்சை டிக் இருந்தது என்றா?

2024 ஜூலை 1-லிருந்து அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தோடு ஹேஷ் மதிப்பு போட்ட சான்றிதழ் கேட்கிறது. நல்லதுதான். ஆனால் ஹேஷ் என்ன சொல்லும்? இந்த ஃபைலை அப்புறம் யாரும் தொடவில்லை என்று சொல்லும். அந்த ஃபைலில் ஏறின கணக்கு ஏறும்போதே தப்பா என்று சொல்லாது.

ரெண்டு: "மவுஸால க்ளிக் பண்ணிப் பார்க்கிற டீபக்கர் இருக்கே, எதுக்கு இந்தக் கறுப்புத் திரை?" லினக்ஸில் அந்த அழகான ஜன்னல்கள் பலவற்றுக்குப் பின்னால் ஓடுவதும் இதே ஜிடிபி-தான். அதோடு ஒரு காமர்ஸ் காரணமும் சொல்கிறேன். மவுஸை மேலே கொண்டுபோய்ப் பார்த்தால் பார்த்ததற்குத் தடயம் கிடையாது. கட்டளை அடித்தால், 'செட் லாகிங்' போட்டு, வந்த பதில் எல்லாவற்றையும் ஃபைலில் சேமிக்கலாம். தணிக்கையில் எஸ்.ஏ. 230 என்ன சொல்கிறது? எதைப் பார்த்தாய், என்ன கண்டாய் என்று எழுதி வை. இன்னொரு ஆடிட்டர் வந்து படித்தால் புரிய வேண்டும். கறுப்புத் திரை வேலைத்தாளைத் தானே எழுதிக் கொடுக்கிறது. அப்புறம், பழைய லேப்டாப்பிலும் ஓடும், காசும் கிடையாது. நம்ம ஏரியாவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மூணு: "ஏஐ கிட்ட கேட்டா சொல்லிடும்." சொல்லும். நீங்கள் கொடுத்த கோடைப் படித்துவிட்டு எங்கே தப்பு இருக்கலாம் என்று நல்ல ஊகமாகவே சொல்லும். ஆனால் 1141-ஆவது இடத்தில் இந்த நிமிஷம் இருப்பது 0-வா 12,500-ஆ என்பது ஊகிக்கிற விஷயம் இல்லை, திறந்து பார்க்கிற விஷயம். ஏஐ கையில் ஜிடிபி-யைக் கொடுத்தாலும் சரி, திறந்தது எது, தெரிந்தது எது என்று சரிபார்க்க ஒரு ஆள் வேண்டும். சிஸ்டம் காட்டுகிறது என்பதற்குப் பதில் ஏஐ சொல்கிறது என்றால் சாமி மாறியிருக்கிறது, அருள்வாக்கு மாறவில்லை.

நாலு, இதுதான் நியாயமான கேள்வி: "கவர்மென்ட் சர்வர்ல போய் ஜிடிபி போட முடியுமா?" முடியாது. போட்டால் உள்ளே தள்ளிவிடுவார்கள். தள்ளவும் வேண்டும் :-) நான் அதைச் சொல்லவில்லை. ஒரு தடவை உள்ளே பார்த்தவன் அதற்கு அப்புறம் கவுன்டரில் கேட்கிற கேள்வி மாறிவிடும் என்கிறேன். "ஏன் சார் இல்லை?" என்று கெஞ்ச மாட்டான். "எந்தப் பெயரை வைத்துத் தேடினீங்க? கணக்கு எண்ணை வைத்துத் தேடிப் பாருங்க. பதிவே இல்லையா, தொகை 0-ன்னு இருக்கா, இல்லை வேற பட்டியல்ல இருக்கா?" என்று கேட்பான். இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு பிழை. மூன்றுக்கும் ஒரே பதில் சொல்லி அனுப்ப முடியாது.

கேட்கச் சட்டமும் இருக்கிறது. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2-ஆம் பிரிவில், கம்ப்யூட்டரில் இருக்கும் தகவலைப் பிரிண்ட்அவுட்டாகவோ ஃபிளாப்பியிலோ டேப்பிலோ வாங்கும் உரிமை என்றே எழுதியிருக்கிறது. ஃபிளாப்பிதான் செத்துவிட்டது, உரிமை உயிரோடு இருக்கிறது.

*

பாடத்திட்டக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019-ல் வந்த பன்னிரண்டாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் பேஜ்மேக்கர் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த மென்பொருளின் கடைசிப் பெரிய பதிப்பு வந்தது 2001-ல். காலேஜுக்கு வந்தால் டேலியில் எந்த பட்டனை எதற்கு அமுக்குவது என்று ஒரு செமஸ்டர். அமுக்கினால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு மணி நேரம்கூடக் கிடையாது. அதாவது, கவுன்டருக்கு உள்ளே உட்கார்ந்து "சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது" என்று சொல்வதற்கு வருஷா வருஷம் ஆட்களைத் தயார் பண்ணுகிறோம். அந்த ஆட்கள் நாம்தான் மக்களே. நாளைக்கு பேங்கில், தாலுகா ஆபீஸில், துறைமுகத்துக் கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போவது நாம். எதிரே நிற்கப் போவது நம் அத்தையும் சித்தப்பாவும்.

நான் கேட்பது ரொம்பச் சின்னது. ஒரு பி.காம். மாணவனுக்கு ஒரு செமஸ்டரில் நாலே நாலு லேப் வகுப்பு போதும். 20 பேர் கொண்ட ஒரு குட்டிப் பட்டியல், அதில் ஒளித்து வைத்த ஒரு பிழை, ஒரு கறுப்புத் திரை. பிடைப் போட்டு வடிவத்தைப் பார். பிரிண்ட் போட்டு மதிப்பைப் பார். எக்ஸ் போட்டு பைட்டைப் பார். பேக்ட்ரேஸ் போட்டு இந்த இடத்துக்கு எந்த வழியாக வந்தோம் என்று பார். வவுச்சிங் பாடம் நடத்துகிற அதே சாரே நடத்தலாம். ரெண்டும் ஒரே பாடம்.

அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். லினக்ஸில் ஒரு வரியில் ஜிடிபி வந்து உட்காரும். ப்ரோகிராமை கம்பைல் செய்யும்போது 'மைனஸ் ஜி' போட மறந்துவிடாதீர்கள், இல்லையென்றால் பெயர்களுக்குப் பதில் வெறும் முகவரிகளாகத் தெரியும். உங்கள் பெயரையே தமிழில் கொடுத்து, அது உள்ளே எத்தனை பைட் என்று முதலில் பாருங்கள்.

டிஸ்கி: இந்த மாதம் முழுக்கச் செமஸ்டர் ஆணி அதிகம். ஆனாலும் ப்ரோகிராம் வேண்டும் என்பவர்கள் க்ளாஸில் கேளுங்கள், பென்டிரைவில் தருகிறேன். 1141-ஐ இந்தத் தடவை வேறு இடத்துக்கு மாற்றி வைத்திருக்கிறேன். கண்டுபிடிப்பவர்களுக்கு எண்ணூர் ஸ்டேஷன் வாசலில் ஒரு டீ, ஒரு பஜ்ஜி.